முதலில் திறக்கும் மொழி

எங்கள் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு என் நாத்தனார்தான் வெப்சைட் செய்து கொடுத்தாள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் உண்டு. ஆனால் புகார் அனுப்புகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் ‘நாட் ஒர்க்கிங்’ என்று மட்டும் எழுதினார்கள். என்ன கோளாறு என்றே தெரியாமல் என் கணவர் பாதிக் கடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார்.

“என் போன்ல தமிழ்லதானே திறக்குது, அப்புறம் என்ன கேடு?” என்று நாத்தனாரிடம் எரிந்து விழுந்தேன்.

“அண்ணி, நீங்க ஒரு தடவை தமிழை அமுக்கியிருப்பீங்க. உங்க போன் அதை ஞாபகம் வச்சிருக்கு.”

பக்கத்தில் ஒரு மெஷினுக்குள் தலையை விட்டிருந்த கணவரின் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, வெப்சைட்டைத் திறந்தேன். ஆங்கிலம்தான் வந்தது.

“சொந்தக் கடை வெப்சைட்டை இதுவரைக்கும் நீங்க பார்த்ததே இல்லையா?” என்று அவரைக் கேட்டேன்.

அவர் மெஷினுக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.

“ஸ்டைலா இருக்கட்டும்னு இங்கிலீஷை முதல்ல வச்சேன்,” என்றாள் நாத்தனார்.

“ஸ்டைல் வந்து துணி துவைக்குமா?”

முணுமுணுத்துக்கொண்டே அவள் தமிழை முதல் மொழியாக மாற்றினாள்.

மறுநாள் காலையில் முதல் புகார் வந்தது. நான் உரக்கப் படித்தேன்.

“துணி பிழியும்போது மெஷின் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. நேத்து நகர்ந்து வந்து பாத்ரூம் கதவை அடைச்சிடுச்சு. நான் உள்ளே மாட்டிக்கிட்டேன். என் வீட்டுக்காரர் வெளியே நின்னு சிரிச்சார். நீங்க மெஷினைச் சரி பண்ணுங்க, அவரை நான் பார்த்துக்கறேன்.”

என் கணவர் பையில், மெஷின் ஆடாமல் பிடிக்கும் நான்கு ஸ்பிரிங்கை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தன் போனில் எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்தார்.