பூஜ்யம் என்று வந்த நிலம்

வடமதுரைக்குப் பக்கத்தில் மேடும் பள்ளமுமான நிலத்தைச் சமப்படுத்தும் வேலை. வேலையளவு அறிய, இன்ஜினியர் கௌசல்யா நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வளைகோட்டை கிராஃப் கால்குலேட்டரில் போட்டுத் தொகையிட்டாள். விடை பூஜ்யம்.

“வேலையே இல்லேங்குது. எல்லாரும் கெளம்புங்க” என்றார் மேஸ்திரி பெருமாள்சாமி.

“அப்ப மேஸ்திரி மட்டும் எதுக்கு? நீங்களும் பஸ் ஏறுங்கண்ணே” என்றாள் மண் வேலைக்கு வந்திருந்த சுப்புத்தாய். கூட வந்த பெண்கள் சிரிக்கவில்லை. இதை விட்டால் அவர்களுக்கு இந்த மாதம் வேறு வேலை கிடையாது.

கௌசல்யா கணக்கில் கொடுத்த எல்லைகளைச் சரிபார்த்தாள். சமன்பாட்டையும் பார்த்தாள். தப்பில்லை. வளைகோட்டைப் பெரிதாக்கியபோதுதான் புரிந்தது. மட்டத்துக்கு மேலிருந்த மேட்டைக் கூட்டி, கீழிருந்த பள்ளத்தைக் கழித்திருந்தது கால்குலேட்டர். வெளியிலிருந்து மண் வேண்டாம் என்பதுதான் அந்தப் பூஜ்யம். வெட்டுவதும் கொட்டுவதும் அப்படியே இருந்தன. பள்ளத்துக்கு விழுந்த கழித்தல் குறியை நீக்கிவிட்டு மறுபடி போட்டாள். பெரிய எண் வந்தது.

“வேலை இருக்குக்கா, நெறைய இருக்கு.”

மேஸ்திரி திரையை எட்டிப் பார்த்தார். “இம்புட்டா? ஆள வச்சு முடியாது மேடம்” என்று ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார்.

பெண்கள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்கள். கௌசல்யாவின் கையில் சரியான விடை இருந்தது.