மெர்சி மெஷினில் ஒரு சிவப்புச் சீட்டு

மெர்சிக்கு எல்லாமே நீலக் கோட்டு வந்த பிறகுதான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைன் சூப்பர்வைசர்கள் போடுகிற அந்தக் கோட்டுக்காக எட்டு வருஷமாகத் தவம் கிடந்தாள். புருஷன் இன்பராஜ் அமிர்தி அருவிக்குக் கூப்பிட்டால், "கோட்டு வரட்டும்" என்பாள். புதுப் புடவை எடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டுவாள்; கோட்டு வரட்டும். சிரிப்புகூட அப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது இவள் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருப்பாள். மேலே போகப்போகிறவள் பல்லைக் காட்டலாமா?

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. யார் தைத்ததில் தப்பு வருகிறதோ, அவர் மெஷின் விளக்கில் ஒரு சிவப்புச் சீட்டைத் தொங்கவிடுவார்கள். ஷிப்ட் முடிகிறவரை எல்லோர் கண்ணிலும் படும்படி அது ஆடிக்கொண்டிருக்கும். மெர்சியின் விளக்கில் ஒரு நாளும் தொங்கியதில்லை. அதைத் திறமை என்று எல்லோரும் நினைத்தார்கள். தையலைச் சரிபார்க்கிற செக்கர் சீட்டோடு அந்தப் பக்கம் வந்தாலே பயந்து சாவது அவளுக்குத்தான் தெரியும்.

அன்று சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் கோட்டு யாருக்கு என்று சொல்வார்கள். போட்டி மெர்சிக்கும் பக்கத்து மெஷின் பூர்ணிமாவுக்கும்.

பதினோரு மணிக்கு செக்கர் பக்ருன்னிசா ஒரு ட்ரேயைக் கையில் எடுத்துக் கத்தினாள். இருபத்து நாலு ஷூவின் மேல்தோல், அத்தனையும் காபி கலர் நூலில் தைத்திருந்தது. டீக்குப் பிறகு தேன் கலர் நூல் போடச் சொல்லியிருந்தார்கள். ட்ரே இவர்கள் இருவர் மெஷினுக்கும் நடுவில் இருந்தது. பக்ருன்னிசா யோசிக்கவே இல்லை. மெர்சியாவது, தப்பாவது! சீட்டு பூர்ணிமாவின் விளக்கில் ஏறியது.

"நான் இல்லக்கா! என் மெஷின்ல தேன் கலர்தான் இருக்குது, பாருங்க."

"இப்ப மாத்தியிருப்ப. சும்மா பேஜார் பண்ணாத."

மெர்சி தன் மெஷினைப் பார்த்தாள். ஊசியில் காபி கலர். டீ குடித்துவிட்டு வந்து, கோட்டு மாட்டிக்கொண்டு லைனில் நடக்கிற மாதிரி கனவு கண்டபடியே பழைய நூலில் தைத்துத் தள்ளியிருக்கிறாள். கை தானாக நூல்கண்டை உருவி டிராயருக்குள் போட்டது. பாவி, போட்டேவிட்டாள்.

பன்னிரண்டுக்கு மேனேஜர் நிசார் அஹமது கோட்டோடு வந்தார். பூர்ணிமாவின் சீட்டைப் பார்த்தார், நேராக மெர்சியிடம் வந்தார்.

"சீட்டே வாங்காத கை. போட்டுக்கோம்மா."

பூர்ணிமா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெர்சி ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டாள். இதைப் போட்டால் பயம் போகுமா? யாராவது டிராயரைத் திறந்துவிடுவார்களோ என்று இன்னும் ஜாஸ்திதான் ஆகும். எட்டு வருஷம் கோட்டுக்கு வெளியே நின்று நடுங்கியாயிற்று, இனி உள்ளே நின்று நடுங்க வேண்டும். இதற்கா இத்தனை தவம்!

கையை வெளியே எடுத்தாள். டிராயரைத் திறந்து நூல்கண்டை மேஜைமேல் வைத்தாள். பூர்ணிமாவின் விளக்கிலிருந்து சீட்டைக் கழற்றித் தன் விளக்கில் மாட்டினாள்.

"சார், அது என் தையல். நூலு மாத்த மறந்துட்டேன். ஒளிச்சும் வச்சேன்."

லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"யோசிச்சுப் பேசு மெர்சி. கோட்டு உனக்குக் கிடைக்காது."

"எட்டு வருஷமா அதையேதான் யோசிச்சேன் சார். போதும்."

கோட்டு பூர்ணிமாவின் தோளுக்குப் போனது. தலையில் இடி விழும் என்று மெர்சி காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. ஃபேன் காற்றில் சீட்டு ஆடியது. விரல் நீளக் காகிதம். இதற்குப் போயா பயந்து செத்தோம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எட்டு வருஷச் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இன்னாக்கா, பைத்தியம் புடிச்சிடுச்சா?" பூர்ணிமா பயந்துபோனாள்.

"இப்பத்தான்டி தெளிஞ்சிருக்குது."

சாப்பாட்டு மணி அடித்ததும் இன்பராஜுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு அமிர்தி போலாங்க."

"கோட்டு வந்துடுச்சா?"

"வரல. அந்தப் புதுப் புடவைய வெளிய எடுத்து வைங்க."