உப்புப் போட்ட நித்தியகல்யாணி

நித்தியகல்யாணிப் பூவை எங்கே கண்டாலும் என் நாக்கில் உப்புக் கரிக்கும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் அந்தச் செடியின் இலையை அமெரிக்காவுக்கு அனுப்பியவன் நான். அனுப்பப் பார்த்தவன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

எழுபத்து மூன்றாம் வருஷம். எனக்கு இருபத்து நான்கு வயது. மண்ணடியில் மூலிகை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஏஜெண்டு வேலை. அந்த இலையிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள், பயிரிட ஆள் பிடித்துக் கொடு என்று என்னைப் பொன்னேரிப் பக்கம் புதுவாயலில் அறை எடுத்துத் தங்க வைத்தார்கள். கையில் சைக்ளோஸ்டைல் செய்த ஒரு கட்டுக் காகிதம். அமெரிக்காவில் ஏக்கருக்கு எவ்வளவு புதினா, ஹங்கேரியில் எவ்வளவு சீமைச்சாமந்தி, மடகாஸ்கரில் எவ்வளவு நித்தியகல்யாணி என்று உலகத்து விளைச்சல் முழுக்க அதில் இருந்தது. வாடகை சைக்கிளை மிதித்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்தேன். தணிகாசலம் சாதாரண ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காலம் அது.

நெல்காரர்கள் என்னை அண்ட விடவில்லை. எங்கள் பக்கம் அந்தச் செடிக்குப் பெயர் சுடுகாட்டு மல்லி. சோழவரத்தில் ஒருவர் வயிறாரச் சோறு போட்டார், வரப்பில் மட்டும் கால் வைக்க விடவில்லை. பக்கத்து ஆரணியில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"பொணம் எரிக்கிற எடத்துல மொளைக்கிறத நெல்லு வெளையிற எடத்துல போடச் சொல்றியே, உன் ஊட்ல பெரியவங்க யாரும் இல்லியா?"

கடைசியில் சரி என்று சொன்னது அங்காளம்மாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் அம்மா கொடுத்த ஒரு ஏக்கர் மணல் நிலம் இருந்தது. புருஷன் மாரியப்பன் அதை விற்று எஞ்சின் படகு வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்போது கரை முழுக்க அந்தப் பேச்சுதான். இவள் ஒரு வருஷம் தவணை கேட்டாள். அந்த மணலில் காசு வருகிற மாதிரி ஏதாவது விளைந்தால் நிலம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பொன்னேரிப் பதிவு ஆபீசுக்கு வந்து கைநாட்டு வைக்கிறேன் என்றாள். அவனும் ஒப்புக்கொண்டான். அந்தச் சமயத்தில்தான் நான் என் காகிதக் கட்டோடு போய்ச் சேர்ந்தேன்.

மாசியில் விதை போட்டாள். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். வாரம் ஒரு முறை நான் போய் உலகத்தைச் சுற்றிக் காட்டுவேன். அவள் களை பிடுங்கிக்கொண்டே கேட்பாள். மடகாஸ்கர் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம், இங்கே மாதிரியே மணலும் உப்புக்காற்றும் என்றேன். அங்கேயும் மீன் பிடிக்கிறார்களா என்று கேட்டாள். என் காகிதத்தில் அது இல்லை. ஆனாலும் பிடிக்கிறார்கள் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் மனசு போய் அந்த மணலில் உட்கார்ந்துகொள்கிறது.

செடி தளதளவென்று வந்தது. மடகாஸ்கரை மிஞ்சிவிடும் என்று நானே சொன்னேன். ஐப்பசி தொடக்கத்தில் இலை உருவச் சொன்னபோது, எப்படிக் காய வைப்பது என்று கேட்டாள்.

"கருவாடு காய வெக்கிற உனக்கு நான் சொல்லணுமாக்கா?" என்றேன்.

பெரிய பேச்சு பேசிவிட்டதாக நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. இலை பூசணம் பூக்கத் தொடங்கியது. வெயில் இல்லாத நாளில் மீனை எப்படிக் காப்பாற்றுவாளோ அப்படியே இலையையும் காப்பாற்றினாள். உப்பைத் தூவிப் புரட்டி, பாயில் பரப்பி, வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் உலர்த்தினாள். அந்த மழை வாரங்களில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கார்த்திகைக் கடைசியில் பதினாறு மூட்டைகளைக் கால்வாய்ப் படகில் ஏற்றினோம். இலையில் வெள்ளையாய் ஏதோ மினுங்கியது. மணல் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் சரக்கைச் சோதிக்கிறவர் சாலமோன். ஒரு இலையை நாக்கில் வைத்தார், துப்பினார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நானும் வைத்தேன், நானும் துப்பினேன். பதினாறு மூட்டையும் குப்பைக்குப் போனது.

மார்கழியில் போய்ச் சொன்னேன். அங்காளம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மடகாஸ்கர்ல எப்படி காய வெக்கிறாங்க, தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை மூட்டை விளையும் என்று தெரியும், எந்தக் கப்பலில் போகும் என்று தெரியும். இது தெரியாது. நான் கேட்டதே இல்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தை பிறந்ததும் ஐந்தாம் தேதி பொன்னேரியில் பத்திரம் பதிவு என்று மாரியப்பன் சொன்னான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

பொங்கல் கழிந்ததும் சாலமோன் முன்னால் போய் நின்று அவள் கேட்டதை அப்படியே கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இதை மாசி மாதமே கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு, செடியைப் பிடுங்கிவிட்டாளா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு முழிக்கிற? ஜெர்மனிக்காரன் கேக்கிறதே வேருதான்யா."

அவர் சொல்லச் சொல்ல ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். மறுநாள்தான் ஐந்தாம் தேதி. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாரியப்பன் சலவைச் சட்டை போட்டுத் தயாராக நின்றான். அங்காளம்மாள் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். அந்த நிலத்தைக் கொடுத்த அம்மா எடுத்துத் தந்த புடவை அது என்று அவளே சொன்னாள்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"இத்தையாவது எப்படி காய வெக்கணும்னு கேட்டுகினு வந்தியா?"

காகிதத்தை எடுத்துப் படித்தேன். மண் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஏரித் தண்ணீர் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு கூடவே கூடாது. அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை புருஷனுக்குக் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

மாரியப்பன் ஏரியைப் பார்த்தான். அங்கே யாருடைய எஞ்சின் படகோ போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றிச் சவுக்குக் கிளையில் மாட்டினான். குடிசைக்குப் பின்னால் போய் மண்வெட்டியோடு வந்து முதல் வரிசையில் இறங்கினான்.

அங்காளம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன்.

"இன்னா பாத்துகினு நிக்கிற, தம்பி? இன்னொரு மம்முட்டி கீது, எட்தா."