பாறை என்று சொன்ன இடம்

மூன்றாவது குடம் கவிழ்ந்தபோது நடேசன் அதைச் சொன்னார்.

"ஒரு கவல இல்லம்மா. ஒன் படிப்புக்குன்னு ஒங்கப்பா பி.எஃப்ல எடுத்து வெச்சிட்டுத்தான் போய்கீறாரு."

புறங்கையால் அப்பாவின் தலையில் சீயக்காய் வைத்துக்கொண்டிருந்த காவேரி நிமிர்ந்தாள்.

"எடுத்துட்டாரா? எப்ப?"

"ஜனவரியில. நீ காலேஜ்ல வாங்கிக் குடுத்த சர்ட்டிபிகேட்ட வெச்சுத்தான். நான்தான் சாட்சிக் கையெழுத்து." நடேசன் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். பொய் சொல்லத் தெரியாது.

நேற்று காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த அப்பா பரசுராமன், நெஞ்சைப் பிடித்தபடி ரோட்டோரம் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போதுகூட மகளிடம் சொன்னார்: "பி.எஃப் காசு இன்னிக்கி நாளைக்கின்னு கீது. ஞாயித்துக்கெழம நீ ரயில் ஏறச்சொல்ல கையில இருக்கும்."

திங்கட்கிழமைதான் கடைசி நாள். ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகம். புவி இயற்பியல். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, கல் எங்கே, நீர் எங்கே என்று மேலே நின்றபடியே அளக்கிற படிப்பு. மொத்தம் பன்னிரண்டு இடம், ஒன்று காவேரிக்கு. உதவித்தொகைகூட உண்டு. ஆனால் அது சேர்ந்த மூன்றாவது மாதம்தான் கைக்கு வரும். முதல் கட்டணத்தை அவள்தான் கட்டியாக வேண்டும்.

"எம்மா, அந்தக் காசு எங்க?"

ரத்னா முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டாள். இதுவரை பொத்தாமல்தான் அழுதுகொண்டிருந்தாள்.

காவேரி எழுந்தாள். பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த தாய்மாமனிடம் போனாள்.

"மாமா, ஜனவரியில நம்ம கொல்லமேட்டுல போர் போட்டது ஒங்க காசுலதான?"

மாமன் கயிற்றைப் பல்லால் இறுக்கினார். "இப்பக் கேக்கற கேள்வியா இது?"

"சொல்லுங்க மாமா."

"எங்கிட்ட ஏதும்மா அவ்ளோ காசு? ஒங்கப்பந்தான், பொண்ணு கேட்டா மச்சான் போட்டதுன்னு சொல்லுன்னான்."

போன டிசம்பர். கல்லூரிக் கருவியைக் கெஞ்சி வாங்கி வந்து, கொல்லைமேட்டு நிலத்தில் நான்கு இரும்புக் கம்பிகளை நட்டு அளந்தாள் காவேரி. பகல் முழுவதும் ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது அப்பாதான். கணக்குப் போட்டு முடித்ததும் சொன்னாள்: "பத்தடிக்குக் கீழ முழுப் பாறைப்பா. இங்க போர் போடாதீங்க." டீக்கடையில் அவர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். எம் பொண்ணு பூமிக்கே எக்ஸ்ரே எடுக்குது!

ஜனவரியில் அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, அதே இடத்தில் முந்நூறு அடி. பொங்கி வந்தது வெறும் கல்மாவு.

"யாரு பாத்துச் சொன்னது?" அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தேங்கா வெச்சுத் தண்ணி பாக்கற தாண்டவராயன்." ரத்னாவின் குரல் முந்தானைக்குள்ளிருந்து வந்தது. "உள்ளங்கையில தேங்கா செங்குத்தா நின்னுச்சுடீ. நானே பாத்தேன். தண்ணி வந்தா ஒரே போகத்துல ஒன் காச எடுத்து வெச்சுடலாம்னாரு."

"நான் பாறைன்னு சொன்னேனேம்மா."

"சின்னப் பொண்ணு... ஏதோ பொஸ்தகத்தப் பாத்து..."

பறைச் சத்தம் ஏறியது. தான் கிளப்பிவிட்டது என்னவென்று அப்போதுதான் நடேசனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவசரமாகக் குனிந்தார். "மீதிப் பணம் வரும்மா. இன்னா, ஒரு ஆறு மாசம் ஆவும். வாரிசு வேல கேட்டுப் பாக்கலாம். டிகிரி கீது, ஆபீஸ்லயே போடுவாங்க."

முந்தானை சட்டென்று விலகியது.

"கேளுங்கண்ணா," என்றாள் ரத்னா. "திங்கக்கெழமயே இவள இட்டுகினு போய் எழுதிக் குடுத்துடுங்க."

"திங்கக்கெழம," என்றாள் காவேரி.

அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்க! பெத்த பொண்ணு மொதல்ல வா!"

யாரோ அவள் வலது கையில் அரிசியை அள்ளி வைத்தார்கள். மூன்று சுற்று வந்தாள். தாடையோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணிக்கு நடுவே அப்பாவின் உதடுகள், ஏதோ சமாதானம் சொல்ல வருவதுபோல, லேசாகத் திறந்திருந்தன.

குனிந்தாள். கையை நீட்டினாள்.

"போடும்மா, நேரமாவுது."

"பாவம், போட கை வரல பாரு."

அவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். ஆண்கள் தோள் கொடுத்தார்கள். தெருமுனை திரும்பும்வரை சங்கு ஊதியது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள்.

"அந்த வாளிய எடு, காவேரி."

இடது கையால் தூக்கினாள். தண்ணீர் தளும்பிப் பாவாடையெல்லாம் நனைந்தது.

"ரெண்டு கையாலயும் புடியேன்டீ!"

வலது கை அரிசியோடு மூடியே இருந்தது.