தெற்குச் சரிவில் ஒன்று

சிவப்புப் பெயின்ட் அடித்த ஆணியை ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் அடித்து வைக்கலாம் என்று சொன்னது நெல்லாதான். பட்டிக்குள் ஆடு நுழையும்போது ஓர் ஆட்டுக்கு ஒரு கல் வீதம் போட்டு எண்ணுகிற குடும்பம் அவளுடையது. எண்ணியதையே மறுபடி எண்ணாமலிருக்க அதைவிட நல்ல வழி அவளுக்குத் தெரியாது. ஆண்டுதோறும் கணக்கெடுக்க நகரத்திலிருந்து வரும் அதிகாரி அனெலீஸ் மேடத்துக்கும் யோசனை பிடித்துப்போனது. நெல்லா ஆணி அடித்துக்கொண்டே போக, அவளுடைய தம்பி யோசியாஸ் பெயின்ட் டப்பாவோடு பின்னால் வந்தான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி, அந்த ஒரு குன்றின் வெள்ளைக் கற்களுக்கு நடுவே மட்டும் இருந்தது.

ஊரார் அதைக் கால்விரல் என்பார்கள். மழைக்குப் பின் சதை உப்பி, கல்லிடுக்கிலிருந்து குழந்தையின் விரல்நுனி எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். கோடையில் சுருங்கி, காய்ந்த தோலைப் போர்த்திக்கொண்டு ஆட்டுப்புழுக்கையோடு புழுக்கையாகக் கிடக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அப்போது கண்ணில் படாது. அதனால் வெளிநாட்டில் விற்பதற்காகச் செடி திருடுகிறவர்கள் கோடையில் வருவதில்லை.

அந்தக் கோடையில் வந்தார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை, செடிக்கொரு ஆணி சிவப்பாக நின்றது. அவர்களுக்கு வழிகாட்டிப் போனவன் யோசியாஸ். கடலோரத்து வைரச் சுரங்கம் மூடியதிலிருந்து இரண்டு வருடமாக அவனுக்கு வேலையில்லை. நெடுஞ்சாலையில் போலீஸார் அவர்களுடைய வண்டியை மறித்ததும் மற்ற இருவரும் புதருக்குள் ஓடிவிட்டார்கள். காலுறைகளில் திணித்த செடிகளோடு அவன் மட்டும் பிடிபட்டான்.

நெல்லா மாவு வாங்கப் போனபோது கடைக்கார லெனா சும்மா இருக்கவில்லை.

"உன் தம்பி கடவுளோட கால்விரலையெல்லாம் பிடுங்கி சாக்ஸ்ல போட்டுக்கிட்டானாமே! ஜெயில்ல சாக்ஸ் குடுப்பாங்களான்னு விசாரிச்சியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மாவை நிறுத்துப் போடு லெனா," என்றாள் நெல்லா. "உன் வாயை வெச்சு நான் ரொட்டி சுட முடியாது."

இலவச வக்கீல் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "குன்றுல ஒரு செடியாவது மிச்சம் இருக்குன்னு அதிகாரி ரிப்போர்ட் குடுத்தா மூணு வருஷத்தோட போயிடும். காட்டுல அடியோட அழிஞ்சிடுச்சுன்னு எழுதிட்டாங்கன்னா பத்து. பிடிச்ச செடியெல்லாம் அரசாங்கத் தோட்டத்துல கண்ணாடி வீட்டுக்குள்ள வளருது, அது கணக்குல வராது. குன்றுல என்ன இருக்கோ அதான் கணக்கு."

அந்தப் பக்கம் கோடை முடிகிற மே மாதம், முதல் மழை பெய்ததும் நெல்லா குன்றுக்குப் போனாள். நான்கு நாள் முழங்காலிலேயே ஊர்ந்தாள். ஆணிகளின் பக்கத்தில் இருந்ததெல்லாம் குழிகள். கூர்க்கற்கள் பாவாடையைக் கிழித்து முட்டியையும் கிழித்தன. நான்காம் நாள் மதியம், தெற்குச் சரிவில் பாறை நிழலில், ஒரே ஒரு விரல் பச்சையாக உப்பிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மூச்சுக்கூட அதன்மேல் படாமல் பின்னால் நகர்ந்து, அதற்கப்புறம்தான் அழுதாள்.

நெல்லா சொல்லியனுப்பியதற்கு மூன்றாம் நாள் காலையில் அனெலீஸ் மேடம் வந்தார். செடியைக் கண்டதும் நெல்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நெல்லா அக்கா, உங்க கண்ணுக்குக் கோயிலே கட்டலாம்!"

"கோயில் வேணாம் மேடம். ஒண்ணு இருக்குன்னு எழுதிடுங்க, போதும்."

மேடம் படம் எடுத்தார், அளந்தார், குன்றின் உச்சிக்குப் போய் அலுவலகத்தோடு வெகுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்ததும் பையிலிருந்து ஒரு சிறு கரண்டியையும் பஞ்சு வைத்த டப்பாவையும் எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒத்தைச் செடியை இங்கே விட்டு வைக்கக்கூடாதுன்னு விதி இருக்குக்கா. தனியா நின்னா இது விதை விடாது. கண்ணாடி வீட்டுல இருக்கறதோட சேர்த்தாத்தான் உண்டு. அங்கேயும் பாதிக்குமேல அழுகிடுச்சு."

"அங்க இருக்கறதை இங்க கொண்டாந்து நடலாமே?"

"அதுங்களுக்கு நோய் ஒட்டியிருக்கு. விடமாட்டாங்க."

"அப்ப எழுதிட்டு எடுங்க மேடம். முதல்ல எழுதுங்க."

"எடுத்தப்புறம் என்ன மிச்சமோ, அதைத்தான் எழுத முடியும்." மேடத்தின் குரலில் கோபமே இல்லை. "காலையில இருந்ததைக் கேக்கற கட்டம் இந்தத் தாள்ல கிடையாது."

கரண்டி கல்லை நெம்பியது. செடி வேரோடு சுலபமாக வந்துவிட்டது.

எண்ணிக்கைக் கட்டத்தை இத்தனை வருடமாக நிரப்பி வந்தது நெல்லாதான். பேனாவை வாங்கி அவள் ஒன்று என்று எழுதினாள். மேடம் அதைப் பார்த்தார், அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், புதுத் தாள் எடுத்துத் தன் கையாலேயே சுழியம் போட்டார். கீழே இறங்கும்போது, அக்காவுக்கு முட்டி இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு களிம்புக் குழாயும் கொடுத்தார்.

பத்து வருடம் கிடைத்தது. நீதிபதி தீர்ப்பில் ஓர் உயிரினத்தின் கொலை என்றே வாசித்தார்.

ஆகஸ்டில் நெல்லா தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் யோசியாஸ் மொட்டைத் தலையோடு இளைத்து உட்கார்ந்திருந்தான். கொண்டுபோன ரொட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அக்கா, தெற்குச் சரிவுல பாத்தியா?"

அவள் ரொட்டி கொண்டுவந்த வெறும் பையை மடித்தாள்.

"பாறை நிழல்ல ஒண்ணு. அவனுங்க பாக்கறதுக்குள்ள தொப்பியைக் கழட்டி மேல போட்டுட்டேன். தலை சுட்டுது, கிளம்பற வரைக்கும் எடுக்கல. உனக்காகத்தான் விட்டேன். ஒண்ணுமே மிச்சமில்லன்னு கோர்ட்ல வாசிக்கிறான்... நீ தேடவே இல்லையா?"

காவலாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் வெயிலில் காத்ததை மேடத்திடம் காட்டிக்கொடுத்தது தானே என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தேடினேன்டா," என்றாள் நெல்லா. "கிடைக்கல."

"ஆடு ராத்திரியில வழிதவறினாலும் போய்க் கண்டுபிடிக்கிறவ நீ," என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து உள்ளே போனான். பார்வை நேரத்தில் இன்னும் கால் மணி மிச்சம் இருந்தது. அவள் அது முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.