இருநூற்றுப் பதினான்கு பேரின் குறிப்பு

உத்தமபாளையத்திலிருந்து ஜான்சி போன் செய்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஜான்சி என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவள். மூத்த மகனுக்கு மூன்று வருடமாகப் பெண் தேடுகிறாள், அதுவும் என் மூலமாகத்தான். எடுத்ததும் ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

“ஏன் சாரா, எம் மகன் குடிய விட்டு ஆறு மாசம்னு ஊருக்கே எழுதிப் போட்டிருக்கியே. அதுல ‘அம்மா சொல்வது’ன்னு வேற. அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?”

அப்படி எழுதியது நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை எழுதிய இடம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும்? என் நாத்தனா போன வச்சுக்கிட்டுப் படிச்சுக் காட்டுறா. பேருக்கு முன்னால ஒரு கூட்டல் குறி இருக்குல்ல, அதத் தொட்டா எல்லாம் வருது.”

தேனியில் பத்தொன்பது வருடங்களாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். பெயரில்தான் மையம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் போடும் ஒரு மேசை, மாப்பிள்ளைகளுக்கு நீல அட்டை நோட்டு, பெண்களுக்குச் சிவப்பு அட்டை நோட்டு, பிறகு நான். பெயர், வயது, படிப்பு, வேலை, ஊர், சபை, தொடர்பு எண் என்று ஏழு கட்டங்கள். எட்டாவது, குறிப்பு. முதல் ஏழையும் பெற்றவர்கள் சத்தமாகச் சொல்வார்கள். எட்டாவதுக்கு வரும்போது சுற்றி யார் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஒரு சம்பந்தம் கூடுவதும் உடைவதும் அந்த எட்டாவது கட்டத்தில்தான். அதை மூடி மறைத்துக் கட்டிவைக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள், நான் அந்த ரகமில்லை. முதலில் இரண்டு வீடும் பார்த்துப் பேசிப் பிடித்துப் போகட்டும். அதன்பின் நிச்சயத்துக்கு முன்னால் நானே நேரில் போய், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இன்ன விஷயம் என்று சொல்வேன். மறைப்பது வேறு, நேரம் பார்த்துச் சொல்வது வேறு. இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

பெற்றவர்கள் சொன்னது போக நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் அந்தக் கட்டத்திலேயே எழுதிவைப்பேன். அப்பா முன்கோபி. நிறம் போட்டோவில் இருப்பதைவிடக் குறைவு. வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். எல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்டது. மனதுக்குள் நினைப்பதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றிருந்தேன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்த வெப்சைட் ஆசை வந்தது. ‘புதுசா ஏதும் வந்திருக்கா’ என்று ஒரு நாளைக்கு முப்பது பேர் போன் செய்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நோட்டைப் புரட்டி வாசிக்க என் கண்ணும் தொண்டையும் தாங்கவில்லை. கோடிங் தெரியாமலே பத்து நிமிடத்தில் உங்கள் வெப்சைட்டில் டேபிள் போடலாம் என்று ஒரு வீடியோ சொன்னது. அந்தப் பத்து நிமிடம் எனக்கு மூன்று மாதம் எடுத்தது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் விரித்துவைத்து இருநூற்றுப் பதினான்கு பேரை ஒற்றை விரலால் ஷீட்டில் ஏற்றினேன். குறிப்பையும் விடவில்லை. நோட்டு நனைந்துபோனால் எனக்கு வேண்டுமே. வேண்டாத கட்டத்தை ஹைட் செய்து மறைத்துவிடுங்கள், அவ்வளவுதான் நண்பர்களே என்றார் வீடியோக்காரர். ஹைட் செய்தேன். ஜீ என்ற எழுத்துக்கு அடுத்தாற்போல ஐ வந்து நின்றது, நடுவில் ஹெச் என்று ஒன்று இல்லவே இல்லாதது மாதிரி. லிங்கை எடுத்துக்கொண்டுபோய் வெப்சைட்டில் அவர் காட்டிய பெட்டிக்குள் போட்டேன். டேபிள் வந்துவிட்டது. கம்பம் என்று அடித்தால் கம்பத்துக்காரர்கள் மட்டும் வரிசையாக வந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. போனிலும் பார்த்தேன். திரை சின்னது என்பதாலோ என்னவோ பெயரும் வயதும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நீல வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு கூட்டல் குறி இருந்தது. சின்னச் சிலுவை போல அழகாகத்தான் இருந்தது. சபைப் பிள்ளைகளின் பட்டியல் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது போல என்று நினைத்தேனே தவிர, தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மீதியை வேண்டுமென்கிறவர்கள் கணினியில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் பெண் தேடுகிற எந்த வீட்டில் கணினி இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து சபைகளின் வாட்ஸ்அப் குழுவில் லிங்கை அனுப்பிவிட்டு, கைதட்டுகிற பொம்மைகளாக வந்த பதில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜான்சியின் போனை வைத்துவிட்டு முதல் பெயரைத் தொட்டேன். கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறியது, கீழே சரசரவென்று இறங்கியது. படிப்பு, வேலை, ஊர், சபை, எண். கடைசியில், நான் ஹைட் செய்த குறிப்பு. இரண்டாவது பெயரைத் தொட்டேன், அதிலும் இருந்தது. பிறகு வேறு எதையும் பார்க்காமல் நேரே பிரின்சியைத் தேடிப் போனேன்.

போடி கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஏசுதாசனின் மகள் பிரின்சி. நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்கு ஊர் தேவாரம், பெயர் ஜோஷ்வா, நல்ல பையன், நல்ல குடும்பம். பிரின்சிக்கு ஒன்பதாம் வகுப்பில் வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள், நான்கு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. அதைத் தேவாரத்தில் சொல்லவேண்டிய நாள், நாளை ஞாயிறு. டாக்டர் கொடுத்த கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். போனில் அவள் பெயருக்குக் கீழே இருந்தது இவ்வளவுதான்: வலிப்பு உண்டு, நேரில் மட்டுமே சொல்ல வேண்டும். அதற்கு அடுத்தாற்போல இன்னொரு வரியும் இருந்தது. அதை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஷீட்டைத் திறந்து அந்தக் குறிப்பு முழுவதையும் அழித்தேன். போனில் அப்படியே இருந்தது. அணைத்துவிட்டுப் போட்டேன், இருந்தது. ஆத்திரத்தில் ஷீட்டில் இருந்த இருநூற்றுப் பதினான்கு பேரையும் அழித்தேன். மூன்று மாத உழைப்பு ஒரு விரல் அழுத்தலில் வெறும் வெள்ளையாகிவிட்டது. வெப்சைட்டில் மட்டும் ஒருத்தர் குறையாமல் நின்றார்கள். உதவிக்கு என்றிருந்த கட்டத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிக் கெஞ்சினேன். மாற்றங்கள் தெரியச் சில மணி நேரம் ஆகலாம், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. மனிதர் எழுதியதா, மிஷின் எழுதியதா, தெரியாது. என்னிடம் பொறுமை இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்கள்? அதற்குள் ஒன்பது போன் வந்திருந்தது. ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

லேப்டாப்பை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். எனக்குத் தெரிந்த பெண் சுபாஸ்ரீ, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். பான் கார்டு, பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று எந்நேரமும் கூட்டம். என் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றவர்களை நிறுத்திவைத்தாள். நான் சொல்லச் சொல்ல நாலைந்து இடத்தில் தட்டினாள்.

“பேஜையே தூக்கியாச்சுக்கா. இனி யாரு தொட்டாலும் வராது.”

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடம் இருக்குமா அந்த நிம்மதி? சுபாஸ்ரீ எழுந்து போகாமல் நின்றாள். சொல்லவா வேண்டாமா என்று அவள் முகம் இழுபட்டதைப் பார்த்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொள்ளும் பெற்றவர்களின் முகம்தான் அது.

“அக்கா, இது நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியாது. எங்க தெரு குரூப்புக்கு நேத்து ராத்திரியே வந்துருச்சு.” தன் போனை நீட்டினாள். டேபிளைப் படம் பிடித்து, குறிப்புகளைச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மைகள். மொத்தம் ஆறு படம். மூன்றாவதில் பிரின்சி இருந்தாள். சுபாஸ்ரீயின் தெருவில் எங்கள் சபைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது.

“இத எப்படிம்மா தூக்குறது?” என்றேன். அவள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

போடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அரை மணி நேரமும் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ வீடுகளில் போய் எத்தனையோ விஷயம் சொல்லியிருக்கிறேன். கிட்னி ஒன்றுதான், முதல் கல்யாணம் கோர்ட்டில் இருக்கிறது, தத்தெடுத்த பிள்ளை. வார்த்தை எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. அன்று ஒன்றும் வரவில்லை. பஸ் போடிக்கு வராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடை வாசலில் வாளிகளும் குடங்களும் கயிற்றில் கோத்துத் தொங்கின. ஏசுதாசன் உள்ளே நின்றிருந்தார். என்னைக் கண்டால் தெருவிலிருந்தே ‘வாங்க சாராக்கா’ என்பவர், அன்று ஸ்டூலை மட்டும் நகர்த்திப் போட்டார். பள்ளிக்கு விடுமுறை என்பதால் பிரின்சியும் கடையில் இருந்தாள். டிபன் டப்பாக்களில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சிருச்சா தம்பி?”

“காலைல கடை திறக்கையிலயே தெரியும்க்கா. எதிர்த்த கடைக்காரர்தான் காட்டினாரு.”

“தூக்கியாச்சு தம்பி. இப்ப அது இல்ல.”

“எங்கன இருந்து தூக்குனீக?” என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவரே தொடர்ந்தார். “வலிப்புன்னு எழுதுனதுக்கு நான் கோவப்படலக்கா. நாந்தான் உங்ககிட்டச் சொன்னேன். அடுத்த வரிய நான் எப்பச் சொன்னேன்?”

பிரின்சி தலையைத் தூக்கவில்லை. போனைப் பார்க்காமலே அந்த வரியைச் சொன்னாள். “‘இரண்டாம் தாரத்துக்கும் சம்மதிக்க வைக்கலாம்.’ அப்பா அப்படிச் சொல்லவே இல்லைங்கிறாக. நீங்களா எழுதுனீகளா ஆன்ட்டி?”

இரண்டு வருடத்துக்கு முந்திய சமாசாரம். ஆறு இடம் வந்து திரும்பியிருந்தது அவளுக்கு. கம்பத்தில் மனைவியை இழந்த ஒருத்தர் இரண்டு குழந்தைகளோடு பெண் தேடிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் யாரும் இல்லாதபோது மனதில் ஓடியதைக் கிறுக்கிவைத்தேன். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வரி இன்னும் பெரிதாகும் என்று பட்டது.

“ஆமா பிரின்சி. நாந்தான்.”

“எல்லாருதையும் படிச்சேன் ஆன்ட்டி. காலைலருந்து உக்காந்து படிச்சேன். எல்லாரையும் இப்படித்தான் எழுதியிருக்கீக.” சீட்டு ஒட்டிய டப்பாவைத் துணியால் துடைத்து அடுக்கில் வைத்தாள். “எங்கள எல்லாம் கையப் பிடிச்சு ஜெபம் பண்ணுவீகளே, அப்பவும் உள்ளுக்குள்ள இதுதான் ஓடுமா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர்களுக்கு வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்மணி வந்து மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா என்று கேட்டாள். ஏசுதாசன் எடுத்துக் காட்டினார். நிறம் பிடிக்கவில்லை என்று போய்விட்டாள்.

அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். தேவாரம் சம்பந்தி என்று பதிந்து வைத்திருந்தார். பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து முழுதாக அடித்து ஓய்ந்தது. மூவரும் அதைப் பார்த்தபடியே இருந்தோம். திரும்ப அடித்தது.

“எடுங்கப்பா,” என்றாள் பிரின்சி. அவர் தொங்கிக்கொண்டிருந்த வாளி ஒன்றைக் கழற்றி, தூசி இல்லாத இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் எழுந்து வந்தாள். போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

“நாளைக்கு நேருல போய்ச் சொல்றேன்னுதான இருந்தீக. இந்தாங்க. என்ன சொல்றாகன்னு கேட்டு நீங்களே எங்களுக்குச் சொல்லுங்க.”

வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் அது கோழிக்குஞ்சு போல உதறியது. பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தேன். ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரிடமோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.