இளவரசுவின் கத்தி

மூட்டை பிரிக்கும் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி. அதன் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் கொளஞ்சி. கிழிந்த கையுறை வந்தது, எண்ணெய்க் குப்பி வந்தது, மடித்த கோணி வந்தது. தேடி வந்தது மட்டும் கிடைக்கவில்லை. சிதம்பரத்து ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் சாலையில் இறங்கி நேராகக் கம்பெனிக்குள் நுழைந்திருந்தான். முகம்கூடக் கழுவவில்லை. அந்த இறால் தீவனக் கம்பெனியில் காலை ஷிப்டு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"என்னாண்ணா தேடற?" கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி கேட்டாள்.

"கத்தி. மச்சானோட கத்தி. பேப்பர்ல சுத்திக் கோணிக்கு அடியில வெச்சிட்டுப் போனன்."

"அதுவா? தோ, சாமி படத்துக்கிட்ட எல்லாத்தோடயும் இருக்குது பாரு."

கொளஞ்சி படத்தருகே போனான். ஆயுத பூசை முடிந்து கம்பெனி அன்றுதான் திறந்திருந்தது. படத்துக்கு முன்னால் பலகையில் வாடிய சாமந்தி, சிந்திய பொரி, சாய்ந்து கிடந்த வாழைக்கன்று. நடுவில் மூட்டை அறுக்கும் மடக்குக் கத்திகள் வரிசையாக, சந்தனம் குங்குமத்தோடு. கைப்பிடியில் ஆணியால் கீறிய அடையாளத்தை வைத்துத் தங்கச்சி புருஷன் இளவரசுவின் கத்தியை எடுத்தான். புதுசு போல மின்னியது.

"இதையும் கழுவிட்டியா?"

"புளி போட்டுத் தேச்சி, மண்ணெண்ணெ ஊத்தி, பிரஷ்ஷ வுட்டு இடுக்குல இருந்ததெல்லாம் எடுத்தன்ணா. கடைசில மெயின்டனன்ஸ் ஆளு வந்து திருகாணிய முடுக்கி ஒரு சொட்டு எண்ணெயும் வுட்டுக் குடுத்தாரு." அவன் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "ரத்தக் கறையோட சாமி முன்னாடி வெக்க முடியுமாண்ணா?"

கொளஞ்சி கத்தியைத் திறந்தான். டக்கென்று சத்தம் கேட்டது. அலகின் முதுகை மரப்பலகையின் விளிம்பில் வைத்து அழுத்தினான். மடங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான். அசையவே இல்லை. அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

முன்பெல்லாம் அங்கே மூட்டை அறுக்கச் சாதாரண நீட்டுக் கத்திதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, திறந்த கத்தி கூடாது என்று சொல்லிப் போனார்கள். மறு மாசமே அட்டைப்பெட்டியில் மடக்குக் கத்திகள் வந்து இறங்கின. கத்தியைத் திறந்ததும் கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு துள்ளி வந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். அதுதான் பூட்டு. மூட்டைக்காரர்கள் அதை நாக்கு என்பார்கள். பிஸ்கட் டின் மூடி கனம்கூட இல்லாத நாக்கு. அது வந்து உட்காருகிற இடுக்கோ வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மூட்டை வாயை அறுக்க அறுக்க மீன்தூள் அதற்குள் கொட்டும். மீனெண்ணெய் பட்டு அது பிசினாக இறுகிப்போகும். அப்புறம் நாக்கு பாதி தூரம்தான் வரும். பார்த்தால் பூட்டின மாதிரியே இருக்கும். முதுகில் அழுத்தம் விழுகிற அன்றைக்குத்தான் சங்கதி தெரியும்.

ஆட்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, கத்தியைத் திறந்த பிறகு கைப்பிடியோடு அலகின் அடியையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். நாக்கு ஏமாற்றினாலும் ரப்பர் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் தீவனத்தில் ரப்பர் துண்டு கிடைத்துவிட்டது. கான்ட்ராக்டர் வைத்திருந்த சூப்பர்வைசர் பக்கிரி ஒரு வாளியோடு வந்து எல்லா வளையத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இரட்டைத் தையல் போட்ட ஒரு மூட்டையில் இளவரசுவின் கத்தி சிக்கியது. வெளியே இழுக்கப் பின்பக்கமாக நெம்பினான். அலகு அவன் விரல்கள் மேலேயே மடங்கியது. இரண்டு விரலில் நரம்பு போய்விட்டது.

இன்றைக்கு விசாரணை. கத்தியில் கோளாறு என்று முடிவானால் கம்பெனியே பொறுப்பு, விரல் மடங்காவிட்டாலும் கேட்டிலோ குடோனிலோ ஒரு வேலை உண்டு. கவனக்குறைவு என்று முடிந்தால் கான்ட்ராக்டர் அவன் பெயரை அடித்துவிடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி பவானி விடியற்காலையில் கேட்டிருந்தாள்: "காட்டிடுவ இல்லண்ணா?" "ஒரே அழுத்துதான். அவுங்க கண்ணு முன்னாடியே மடங்கும். நீ ஏன் பயப்படற?" என்று பெரிதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

எழுந்து பலகையில் இருந்த மற்றக் கத்திகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அழுத்திப் பார்த்தான். டக். டக். டக். எல்லாம் நல்ல பிள்ளைகளாக நின்றன. கம்பெனி முழுக்கத் தேடினாலும் அழுக்குக் கத்தி ஒன்றுகூட இல்லை.

தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நான் நல்லதுக்குன்னு செஞ்சன்ணா. எனக்குத் தெரியாதே."

"நீ என்னா பண்ணுவ" என்றான். அவள்மேல் கோபம் வந்தால்கூடத் தேவலை போலிருந்தது. வரவில்லை. சிந்தியிருந்த மீன்தூளை விரலால் வழித்து நாக்கு இடுக்கில் அழுத்தி அடைத்தான். புது எண்ணெயில் அது நிற்காமல் வழுக்கி உதிர்ந்தது.

"ஆபீஸ்ல கூப்புடறாங்க" என்று வந்து நின்றார் பக்கிரி. "என்னா பண்ற? கத்தில எதையாவது திணிச்சிகினு போயி காட்டலாம்னு பாக்கறியா? அப்பறம் உனக்கும் சேர்த்துத்தான் வேல போவும். குடு இங்க." கத்தியை வாங்கித் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கத்தியோடு தொழிலாளி யாரும் ஆபீசுக்குள் போகக்கூடாது என்பது சட்டம்.

வாசலில் செக்யூரிட்டி சுப்பராயலு பூட்ஸைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஏசி குளிரில் கொளஞ்சிக்கு உள்ளங்கால் சில்லிட்டது. சேஃப்டி ஆபீசர் எழிலன் சின்ன வயசுக்காரர். தலைமை ஆபீஸ் கடலூரில், வாரம் ஒருமுறை இங்கே வருவார். உட்காரச் சொன்னார். கொளஞ்சி நின்றுகொண்டான்.

"உங்க மச்சான் எப்படி இருக்கார்?"

"வலிதான் சார். தூங்கல."

"சரி, லாக் நிக்கலன்னு சொல்றீங்க. எப்படின்னு காட்டுங்க."

பக்கிரி கத்தியை மேசைமேல் வைத்தார். கொளஞ்சி திறந்தான். டக். வேலையில் பிடிக்கிற மாதிரியே விரல்களை அலகு மடங்கும் பாதையில் வளைத்துப் பிடித்தான். வேறு மாதிரி பிடித்தால் நடிப்பு என்பார்கள். முதுகை மேசை விளிம்பில் வைத்தான். மடங்க வேண்டும், மடங்கினால்தான் இளவரசுக்கு வேலை. மடங்கினால் தன் விரல் என்ன ஆகும் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினான்.

ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினான். மேசை நகர்ந்தது, கத்தி மடங்கவில்லை. இன்னொரு தடவை உடம்புப் பாரத்தையே போட்டான்.

"போதும், போதும். டேபிள் போயிடும்" என்றார் எழிலன்.

"சார், பூசைக்குக் கழுவிட்டாங்க சார். இடுக்குல மீன்தூளு அடஞ்சிகினு இருக்கும். அப்பதான் நாக்கு முழுசா வராது. அன்னிக்கி அப்பிடித்தான் இருந்துது சார்."

"கழுவுனா சரியாயிடுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப தெனமும் கழுவித்தானே வேல செய்யணும்? அது யாரோட தப்பு?"

"கழுவ எங்க சார் நேரம் வுடறாங்க? மூட்ட வந்துகினே இருக்குமே."

"ஏய், சார்கிட்ட என்னா பேச்சு பேசற" என்றார் பக்கிரி.

எழிலன் கையை உயர்த்தி அவரை அடக்கினார். கெட்ட மனுஷன் இல்லை. யோசிக்கத்தான் செய்தார். "நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும் கொளஞ்சி. சாப்பாடு முடிஞ்சதும் கடலூர் கெளம்பிடுவன். அதுக்குள்ள நீங்க சொல்ற மாதிரி மடங்குச்சின்னா எடுத்துட்டு வாங்க. பாக்கறன். இல்லன்னா லாக் நல்லாருக்குன்னுதான் ரிப்போர்ட் போவும்." பிறகு, திறந்து கிடந்த கத்தியைப் பேனாவின் நுனியால் அவன் பக்கம் மெல்லத் தள்ளினார். "நீங்களே மடக்கிடுங்க."

கொட்டகைக்குத் திரும்பியதும் கொளஞ்சி பேய் பிடித்தவன் மாதிரி வேலை செய்தான். தன் வரிசை மூட்டை தீர்ந்ததும் பக்கத்து வரிசைக்குப் போனான். "உடு, நான் அறுக்கறன்" என்று மற்றவர்களைத் தள்ளிவிட்டு அறுத்தான். எதற்கு இப்படிப் பறக்கிறான் என்று ஆட்கள் பார்த்தார்கள். மீன்தூள் மூக்கில் ஏறி, தொண்டையில் காறி, கண் எரிந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் கத்தியை மூடித் திறந்தான். சத்தத்தைக் கவனித்தான். டக். இன்னும் டக்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு பக்கம் கத்தி சீக்கிரம் கெட வேண்டுமே என்ற தவிப்பு. இன்னொரு பக்கம், எந்த மூட்டையில் கெடும் என்று தெரியாத நடுக்கம். தையலுக்குள் அலகை ஏற்றும்போதெல்லாம் விரல்கள் தாமாகவே கைப்பிடியின் வால் பக்கம் ஒதுங்கின. பிடி தளர்ந்து கத்தி வழுக்கியது. நேற்று ராத்திரி இளவரசு கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "விரல் இருக்கற மாதிரியே இருக்குது மச்சான், மடக்கணும்னு பாத்தா மட்டும் இல்ல" என்று சொன்னது திரும்பத் திரும்ப வந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். தமிழ்ச்செல்வி போகவில்லை. மீனெண்ணெய் பீப்பாய் பக்கமாக இருந்த எண்ணெய் படிந்த மூட்டைகளை இழுத்து இழுத்து அவன் முன்னால் போட்டாள். "இதுல அறுண்ணா. இதுல நல்லா ஒட்டும்."

அறுத்தான். மூடினான். திறந்தான். சத்தம் மாறியிருந்தது. டக் இல்லை, ஈரத்துணி விழுந்தது போலச் சொத்தென்று ஒரு சத்தம். இடுக்கில் பழுப்பாகப் பிசின் ஏறியிருந்தது. நாக்கு பாதி வழியில் நின்றது. கொளஞ்சி விரல்களை ஒதுக்கிக்கொண்டு முதுகைப் பலகையில் வைத்தான். அழுத்தக்கூட இல்லை, சாய்த்தான். அலகு சத்தமே இல்லாமல் மடங்கி உள்ளே போனது.

"மடங்கிச்சி!" என்று கத்தினாள் தமிழ்ச்செல்வி. அழுதுவிடுவாள் போலிருந்தாள். "ஓடுண்ணா. கார்ல டிரைவர் ஏறிட்டாரு."

ஓடக்கூடப் பயம், பிசின் உதிர்ந்துவிட்டால்? கைக்குழந்தையை ஏந்துவது போலக் கத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வேகமாக நடந்தான். ஆபீஸ் வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேசை போட்டு சுப்பராயலு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சாரைப் பாக்கணும். அவுருதான் வரச் சொன்னாரு. இத காட்டணும்."

"கத்தியோட நீ உள்ள போவக் கூடாது தெரியுமில்ல? குடு, நான் எடுத்துகினு வரன். நீ மொதல்ல பூட்ஸக் கழட்டு. எண்ணெயா வழியுது பாரு."

"அப்பிடியே வெச்சிருங்கண்ணே. ஒண்ணும் பண்ணாதீங்க."

"சரிய்யா, சரிய்யா. கழட்டு சீக்கிரம்."

கொளஞ்சி குனிந்தான். எண்ணெயில் ஊறிய கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டு அவிழ மாட்டேன் என்றது. நகத்தால் பிய்த்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். மேலே மருந்து வாடை அடித்தது. நிமிர்ந்தான்.

சுப்பராயலு வருகிறவர்களின் கைக்கு அடிக்கும் சானிடைசரைக் கத்தியின் இடுக்கில் நன்றாகப் பீச்சியிருந்தார். துணி நுனியைத் திரித்து உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பழுப்புப் பிசின் வெள்ளைத் துணியில் கட்டிகட்டியாக வந்தது. ஊதினார். வெயிலில் பிடித்துப் பார்த்து இன்னொரு தடவை துடைத்தார்.

"அண்ணே…" என்றான் கொளஞ்சி.

"நாத்தம் கொடலப் பொரட்டுது. இந்த அழுக்கோட சார் டேபிள்ல வெக்க முடியுமாய்யா?"

கண்ணாடிக்கு உள்ளே எழிலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸும் ஒரு கால் வெறுமனேயுமாகக் கொளஞ்சி படியில் நின்றான். சுப்பராயலு எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஐயாவிடம் காட்டுவதற்காகக் கத்தியைத் திறந்தார். டக்கென்று கேட்டது.